தங்கிப் போனவர்களின் ஊர்

இங்கிலாந்தில் பாத் என்று ஓர் ஊர். பெயருக்கே குளியல் என்றுதான் அர்த்தம். பூமிக்கடியிலிருந்து சுமார் 46 டிகிரி சூட்டில் அங்கே ஓர் ஊற்று பொங்கிக்கொண்டிருக்கிறது. ரோமானியர்கள் அதைச் சுற்றிக் குளமும் கோயிலும் கட்டினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில், அந்தத் தண்ணீரைக் குடித்தால் வாதமும் வயிற்று நோவும் தீரும் என்று பணக்காரர்கள் நம்பினார்கள். நம்பியவர்கள் வந்தார்கள். வந்தவர்களுக்குத் தங்க இடம் வேண்டியிருந்தது. அப்பனும் மகனுமாக ஜான் வுட் என்ற ஒரே பெயரில் இரண்டு கட்டடக்காரர்கள் அந்த இடத்தைக் கட்டிக் கொடுத்தார்கள். அப்பன் 1754-ல் ஆரம்பித்த 'சர்க்கஸ்', வட்டமாக நிற்கும் 33 வீடுகள். மகன் 1767-ல் ஆரம்பித்த 'ராயல் கிரெசென்ட்', பிறை வடிவில் 30 வீடுகள். கட்டடக்கலைச் சரித்திரத்தில் இவற்றுக்கு அரண்மனைகளுக்குள்ள அந்தஸ்து. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை வாடகைக்கு விடுவதை மனதில் வைத்துக் கட்டியவை. சீசனுக்கு வந்து, தண்ணீர் குடித்து, சீட்டாடி, பெண்ணுக்கு வரன் தேடி, திரும்பிப் போகிறவர்களுக்கானவை. முகப்பு முழுவதும் ஒரே அச்சு. பின்பக்கத்தை அவரவர் இஷ்டப்படி கட்டிக்கொண்டார்கள். தெருவுக்குக் காட்டிய முகம் ஒன்று, கொல்லையில் நடந்த வாழ்க்கை வேறு.

இன்று அந்த வீடுகளின் சுவரில் பெயர்ப் பலகைகள் இருக்கின்றன. இன்னார் இங்கே வாழ்ந்தார் என்று ஒரு வரி. சர்க்கஸில் ஒரு வீட்டுச் சுவரில் உள்ள பெயர் ராபர்ட் கிளைவ். நோய்க்காக பாத்துக்குப் பலமுறை போய்வந்தவன். 1774-ல் இறந்து போனான். பலகையில் உள்ள பெயர் உண்மை. ஆனால் அந்த வீட்டில் தங்குவதற்கான அந்தஸ்து எங்கே சம்பாதித்தது என்பதற்குப் பலகையில் இடமில்லை. அது ஆரம்பித்த இடம் பாலாற்றங்கரை. 1751-ல் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்து, ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கி நின்றதில்தான் கிளைவ் என்ற குமாஸ்தா கிளைவ் என்ற பிரமுகனானான். பணம் பிற்பாடு வங்காளத்தில் வந்தது. அந்த ஆற்காட்டுக் கோட்டையில் இன்று மிச்சமிருப்பது டெல்லி கேட் என்ற வாசல் ஒன்று. பாத்தில் வீடு முழுசாக நிற்கிறது. ஆற்காட்டில் வீடு இல்லை, வாசல் மட்டும்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி வருகிறது. வீடுகளையும் தெருக்களையும் வைத்து ஓர் ஊரின் சரித்திரத்தைச் சொல்வது என்றால், யார் தங்கிய வீடு சரித்திரம்? யார் தங்கியது வெறும் தங்கல்?

*

ஆரோக்கியத்துக்காக ஜனங்கள் வந்து தங்கும் ஊர் என்றதும் நமக்குக் குற்றாலம்தான் ஞாபகம் வரும். அருவி, சாரல், சீசன், கம்பெனி அதிகாரிகள் கட்டிக்கொண்ட பங்களாக்கள் என்று பொருத்தம் எல்லாம் இருக்கிறது. ஆனால் பாத்தை உண்டாக்கியது தண்ணீர் மட்டும் அல்ல. நோயாளிக்கு இருக்க இடம் வேண்டும் என்ற தேவை ஒரு தெருவின் உருவத்தையே தீர்மானித்தது என்பதுதான் அந்த ஊரின் விசேஷம். அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டால், தமிழ்நாட்டில் அதற்கு மிக அருகில் வருவது அருவியே இல்லாத ஓர் ஊர். வேலூர்.

வேலூரைப் பற்றி அந்தப் பக்கத்து ஜனங்கள் சொல்லும் வசனம் ஒன்று உண்டு: சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு. பட்டியல் இன்னும் நீளும், சொல்பவரின் குறும்பைப் பொறுத்தது. ஓர் ஊர் தன்னைப் பற்றி இல்லாமைகளின் ஜாபிதாவாகச் சொல்லிக்கொள்வது கவனிக்க வேண்டிய விஷயம். மதுரைக்காரன் இருப்பதைச் சொல்வான். வேலூர்க்காரன் இல்லாததைச் சொல்கிறான்.

வசனம் சரித்திரப்படி முழுக்க சரியில்லை. கோயிலில் 1981 மார்ச் மாதம் ஜலகண்டேஸ்வரரை மீண்டும் கொண்டுவந்து வைத்தார்கள். ஆற்றில் 2021 நவம்பரில் கரைகொள்ளாத வெள்ளம் போயிற்று. ராஜா விஷயம்தான் மிகவும் தப்பு. கோட்டையில் ராஜா இருந்தான். பதினாறு வருஷம் இருந்தான். கைதியாக இருந்ததால் வசனம் அவனைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

*

வேலூர்க் கோட்டை பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகரத்து நாயக்கத் தலைவர்கள் கட்டியது. கருங்கல் மதில், சுற்றிலும் அகழி. பிற்பாடு பீஜப்பூர்க்காரர்கள், மராட்டியர்கள், மொகலாயரின் ஆட்கள், ஆற்காட்டு நவாபு வம்சம், கடைசியில் கம்பெனி என்று கை மாறிக்கொண்டே வந்தது. உள்ளே கோயில், மசூதி, 1846-ல் கட்டிய மாதாகோயில் மூன்றும் உண்டு. இவற்றை மூன்று மதங்களின் ஒற்றுமை என்று சுற்றுலாப் புத்தகங்கள் எழுதுகின்றன. அது புத்தகம் எழுதுகிறவர்களுக்குச் சௌகரியமான வாக்கியம். நமக்கு முக்கியம் உள்ளே இருக்கும் மகால்கள்.

ஹைதர் மகால், திப்பு மகால், கண்டி மகால் என்று பெயர்கள். இந்தப் பெயர்களை நின்று படிக்க வேண்டும். ஹைதர் அலி வேலூர்க் கோட்டையை 1780-லிருந்து சுமார் இரண்டு வருஷம் முற்றுகையிட்டான். உள்ளே நுழைய முடியவில்லை. 1782 டிசம்பரில் சித்தூர்ப் பக்கத்துப் பாளையத்தில் இறந்து போனான். தான் கடைசிவரை நுழைய முடியாத கோட்டைக்குள் ஒரு வீடு அவன் பெயரில் நிற்கிறது. திப்பு 1799 மே 4-ம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் குண்டடிபட்டுச் செத்தான். அவனும் திப்பு மகாலில் வாழ்ந்தவன் அல்ல. வாழ்ந்தவர்கள் அவன் செத்த பிறகு கொண்டுவரப்பட்ட மகன்களும், மகள்களும், மனைவியரும், அந்தப்புரத்துப் பெண்களும். 1802-ல் ஜனானாவைச் சேர்ந்த பெண்கள் நூற்றுக்கணக்கில் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து வேலூருக்கு மாற்றப்பட்டார்கள். ராணிகளும் அடிமைகளும் பாடகிகளும் தாதிகளும் அதில் உண்டு. அந்த மகால்களில் சமைத்தது, பிள்ளை பெற்றது, கிழமானது, செத்தது எல்லாம் அவர்கள். பலகையில் இருப்பது அங்கே காலடி வைக்காத இரண்டு ஆண்களின் பெயர்.

1806 ஜூலை 9-ம் தேதி திப்புவின் மகள்களில் ஒருத்திக்குக் கல்யாணம். அன்றிரவு, 10-ம் தேதி விடிவதற்கு முன், கோட்டைக்குள்ளிருந்த இந்தியச் சிப்பாய்கள் எழுந்தார்கள். காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. புதிய தலைப்பாகை உத்தரவு, நாமமும் விபூதியும் கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை வெட்டு என்ற கட்டளைகள். இதில் ஒரு சிறு விவரம் இந்தத் தோல் பிரதேசத்தில் இருந்து படிக்கும்போது உறைக்கிறது. அந்தத் தலைப்பாகையில் தோலால் ஆன ஒரு குஞ்சம் வைத்திருந்தார்கள். என்ன மிருகத்தின் தோல் என்ற சந்தேகத்துக்கு ஹிந்துவும் முஸ்லிமும் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள். பொழுது ஏறுவதற்குள் ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து சேர்ந்தது. மகாலுக்குள் ஒளிந்திருந்த சுமார் நூறு சிப்பாய்களை வெளியே இழுத்து, வெள்ளைக்காரர்கள் பந்தாடும் கூடத்துச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அதையும் ஒரு வீட்டின் சரித்திரம் என்றுதான் சொல்ல வேண்டும். அடைக்கலம் என்று புகுந்த வீடு அடைக்கலம் தரவில்லை.

அதன்பிறகு திப்புவின் மகன்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். பெண்களில் பலர் இங்கேயே தங்கினார்கள். ஹைதரின் விதவை பக்ஷி பேகமும் திப்புவின் மனைவி பாதுஷா பேகமும் கோட்டைக்கு வெளியே அடக்கமாகியிருக்கிறார்கள். வேலூரில் இருந்து வங்காளத்துக்குப் போன முதல் பெரிய கும்பல் அந்த ராஜகுமாரர்களுடையது. எதிர்த்திசையில் பிற்பாடு வந்த கும்பலைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

கண்டி மகாலுக்கு மட்டும் பெயர் பொருந்துகிறது, ஆளின் பெயர் இல்லை என்றாலும். கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பிப்ரவரியில் பிடிபட்டான். 1816 ஜனவரியில் கொழும்பிலிருந்து கப்பலேற்றி, சென்னை வழியாக வேலூருக்குக் கொண்டுவந்தார்கள். தெற்கே இருந்து சென்ற நாயக்கர் வம்சத்தவன். சிங்கள ராஜ்யத்தின் அரசன், இங்கே கம்பெனியின் பென்ஷன் கைதி. இங்கே அவனுக்கு மகன் பிறந்தான். 1832 ஜனவரி 30-ம் தேதி இங்கேயே இறந்தான். மகனும் 1843-ல் வாரிசில்லாமல் போனான். பாலாற்றங்கரையில் ராஜாவின் சமாதியைச் சுற்றித் தமிழ்நாடு அரசு 1990-ல் முத்து மண்டபம் கட்டியது. இலங்கையில் ஒரு ராஜ்யம் முடிந்ததற்கான கல், காட்பாடி போகும் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில் இருக்கிறது.

ஆக வேலூரின் பழைய 'சரித்திர வீடுகள்' எல்லாமே வந்து தங்கியவர்களின் வீடுகள். தாமாக வந்தவர்கள் அல்ல, கொண்டுவரப்பட்டவர்கள். பாத்துக்குப் போனவன் உடம்பு தேறினால் வண்டி கட்டச் சொல்லலாம். இவர்களுக்கு வண்டி கட்டும் அதிகாரம் வேறொருவரிடம் இருந்தது. ஆனாலும் கட்டடத்தின் தர்க்கம் ஒன்றுதான். ஊரோடு சம்பந்தமில்லாத ஆள், எத்தனை நாள் என்று தெரியாத இருப்பு, எங்கிருந்தோ வரும் பணம், வாசலில் அவர்களை எதிர்பார்த்துப் பிழைக்கும் கடைக்காரன். லாங் பஜார் யாருக்கு விற்றுப் பெரிதானது என்பதைச் சிப்பாயையும் கைதியையும் விட்டுவிட்டு எழுத முடியாது.

*

இருபதாம் நூற்றாண்டில் வேலூருக்குத் தாமாகவே ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பாதிரி வீட்டுப் பெண் டாக்டருக்குப் படித்துவிட்டு 1900-ல் வந்து, அப்பாவின் வீட்டிலேயே ஒரு மருந்து அறையைத் திறந்தாள். இந்த ஊரின் வைத்தியச் சரித்திரம் ஆஸ்பத்திரியில் அல்ல, ஒரு வீட்டில் ஆரம்பிக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளலாம். 1902-ல் நாற்பது படுக்கையோடு ஷெல் ஆஸ்பத்திரி. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. 1947-லிருந்து ஆண்களுக்கும் இடம். 1948-ல் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்த ஆரம்பித்தார். அதுவரை தொழுநோயாளிக்கு ஊருக்கு வெளியேதான் இடம். இப்போது அவனும் சிகிச்சைக்கு வந்து தங்கித் திரும்பிப் போகிறவன் ஆனான். 1961-ல் திறந்த இருதய அறுவை, 1971-ல் சிறுநீரக மாற்று, இரண்டும் இந்தியாவில் முதன்முதலாக நடந்தது இங்கே என்று சி.எம்.சி.யின் சரித்திரம் சொல்கிறது.

செய்தி ரயிலில் போயிற்று. கல்கத்தா, அசாம், திரிபுரா, ஜார்க்கண்ட், பிற்பாடு பங்களாதேஷ். இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து காட்பாடியில் இறங்கி, மணலாகக் கிடக்கும் பாலாற்றின் பாலத்தைத் தாண்டி ஊருக்குள் வருகிறார்கள். பாத்தில் ஜனங்கள் தண்ணீரைத் தேடி வந்தார்கள். இங்கே தண்ணீரில்லாத ஆற்றைத் தாண்டி வருகிறார்கள்.

காந்தி ரோடு, பாபு ராவ் தெரு, சுக்கையவாத்தியார் தெரு, பேரி பக்காளி தெரு. ஆஸ்பத்திரியை ஒட்டிய இந்தத் தெருக்களில் நடந்தால் தமிழ் எழுத்துக்குச் சமமாக வங்காள எழுத்து கண்ணில் படும். மருந்துக் கடை, போட்டோ கடை, டிராவல்ஸ், மீன் குழம்புச் சோறு போடும் ஓட்டல் எல்லாவற்றின் பலகையிலும். ஓட்டல் வாசலில் கடுகெண்ணெய் மணம். வேலூரில் நல்லெண்ணெய் மணத்தோடு அது கலந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. யாரும் இதற்குக் கலாசார ஒருமைப்பாடு என்று பெயர் வைத்து விழா எடுக்கவில்லை. அதனாலேயே அது நிலைத்தது என்று நினைக்கிறேன்.

இந்தத் தெருக்களின் வீடுகளுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் நம் விஷயம். வாத்தியாரும் செட்டியாரும் பக்காளியும் குடியிருந்த தெருவில் வீடு என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். தெருவைப் பார்த்த திண்ணை, ரேழி, நடுவில் வெளிச்சத்துக்கு ஒரு முற்றம், சுற்றித் தாழ்வாரம், பின்கட்டில் சமையல், கிணறு. இந்த வரிசை ஒரு குடும்பத்துக்காக ஏற்பட்டது. யார் எதுவரை வரலாம் என்பதை வாசலிலிருந்து கிணறுவரை அது சொல்லிவிடும். லாட்ஜ் இந்த வரிசையை ஒவ்வொன்றாகக் குலைத்தது. திண்ணையை அடைத்து மேஜையும் ரிஜிஸ்தரும் போட்டார்கள். தாழ்வாரத்தைப் பலகை வைத்துத் தடுத்து அறைகளாக்கினார்கள். முற்றத்துக்கு மேல் தளம் போட்டு மாடி எழுப்பினார்கள். சமையற்கட்டுதான் சுவாரசியம். சாதாரண லாட்ஜில் சமையலுக்கு இடமிருக்காது. இந்த ஊர் லாட்ஜில் இருக்கும். வந்தவர்கள் இரண்டு நாள் ஆட்கள் அல்ல. பரிசோதனை, முடிவுக்குக் காத்திருத்தல், அறுவை, தையல் பிரித்தல் என்று வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் இருப்பார்கள். நோயாளிக்குப் பத்தியச் சோறு வேண்டும். ஆகவே அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். ஒரு பின்கட்டில் மூன்று ஜில்லாக்காரர்கள், இரண்டு தேசத்தவர்கள், மூன்று நான்கு ஜாதிக்காரர்கள் பக்கத்துப் பக்கத்து அடுப்பில் சமைக்கிறார்கள். அன்னியன் எட்டிப் பார்க்கக்கூடாது என்று இருந்த இடம் அது. சீர்திருத்தப் பிரசங்கம் எதுவும் அந்தக் கதவைத் திறக்கவில்லை. நாள் வாடகை திறந்தது.

பாத்தில் முகப்பு ஒரே மாதிரி, பின்பக்கம் வேறு வேறு என்று சொன்னேன். இங்கே அது தலைகீழ். முகப்பு வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. ஓடு எடுத்து ஒட்டு, ஒட்டு எடுத்து கான்கிரீட், அதன்மேல் கண்ணாடி. பின்னால் போய்ப் பார்த்தால் சில இடங்களில் பழைய கிணற்றின் உறை இன்னும் இருக்கும், மோட்டார் வைத்து, மேலே கம்பி வலை போட்டு. வீட்டின் வயசைச் சொல்வது அந்த ஒன்றுதான்.

*

கிணறு என்றதும் தோலுக்கு வர வேண்டியிருக்கிறது. பாத்தும் சரி, ஆம்பூரும் சரி, தண்ணீரால் ஏற்பட்ட ஊர்கள். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றையும் அதன் துணையாறுகளையும் ஒட்டித் தோல் ஷாப்புகள் வரிசையாக நிற்பதற்குக் காரணம் மண்ணுக்கடியில் கைக்கெட்டும் ஆழத்தில் இருந்த நீர். தோலை ஊறவைக்க நீர், சுண்ணாம்புக் குழிக்கு நீர், கழுவ நீர். மீதிக்கு வறண்ட காடுகளில் தானாக விளையும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் சென்னை பெரியமேட்டு மண்டி வழியாக லண்டன் போயின. பாத்திலும் லண்டனிலும் நடமாடிய பூட்சுகளில் எத்தனை இந்த ஆற்று நீரில் ஊறியவை என்று கணக்கு யாரும் எடுக்கவில்லை.

அந்த வியாபாரமும் வீடுகள் கட்டியது. உருது பேசும் முஸ்லிம்களும் தமிழ் பேசும் லெப்பைகளும் தோலில் சம்பாதித்ததைப் பள்ளிவாசலாக, மதரஸாவாக, கல்லூரியாகக் கட்டினார்கள். மேல்விஷாரத்து அப்துல் ஹக்கீம் சாகிப் சென்னை சென்ட்ரலுக்கு எதிரே தன் தகப்பனார் பெயரில் சித்தீக் சராய் என்ற தங்குமிடத்தைக் கட்டினார். வெளியூரில் ரயிலை விட்டு இறங்கும் ஆளுக்குப் படுக்க இடமில்லை என்பதைப் புரிந்துகொண்ட தோல் வியாபாரி. தான் போன ஊரில் ஒரு வீட்டை வைத்த மனுஷன். எல்லோரும் அப்படி இல்லை. குழியில் இறங்கித் தோலை மிதித்தவர்கள் பெரும்பாலும் தலித்துகள். அவர்களுடைய குடியிருப்பு ஷாப்பின் சாக்கடை போகும் பக்கமாக இருந்தது. முதலாளி வீட்டுக்குக் கிணறு வேறு, அவர்களுக்குக் கிணறு வேறு. கெடும்போது முதலில் கெட்டது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

கெடுதல் ஒரே நாளில் வரவில்லை. எழுபதுகளில் அரைகுறையாகப் பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதற்கு அரசாங்கம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பக்குவம் செய்து முடித்த தோல், மேலுறை, செருப்பு என்று போக வேண்டும் என்றது. கொள்கை சரியானதுதான். வேலை பெருகிற்று. ஆம்பூர்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஷூ கம்பெனிக்குப் போனார்கள். கூடவே ஆவாரம்பட்டையின் இடத்தைக் குரோமியம் பிடித்தது. தோலைக் கெடாமல் கொண்டுவரப் போட்ட உப்பு, கழுவும்போது மண்ணில் இறங்கியது. கிணற்று நீர் கரித்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. தோல் பிரதேசத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுக்கவோ பயிருக்கு லாயக்கற்றுப் போயிற்று என்றும், ஒரு கிலோ தோலைப் பக்குவம் செய்ய சுமார் 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும் அந்தத் தீர்ப்பில் குறித்திருக்கிறது. மாசு செய்தவனே கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்துக்குள் நிலைபெற்றது இந்தத் தீர்ப்பில்தான். சட்டக் கல்லூரிகளில் வேலூர் என்ற பெயர் இதற்காகப் படிக்கப்படுகிறது. 2025 ஜனவரியில் அதே கோர்ட் அதே ஆற்றைப் பற்றி மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டி வந்தது. இடையில் போன காலம் ஏறக்குறைய முப்பது வருஷம்.

இந்த இடைக்காலத்தில் ஓர் இரவைச் சொல்லாமல் இந்த ஊரின் தங்கும் வீடுகளைப் பற்றி எழுத முடியாது. 2015 ஜனவரி 31, விடிவதற்கு வெகுநேரம் முன். ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில், தோல் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. கசடு பக்கத்துத் தொழிற்சாலைக்குள் பாய்ந்தது. அங்கேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் மூச்சுத் திணறிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள்.

வங்காளத்திலிருந்து அதே ரயில் இரண்டு வகை ஜனங்களைக் காட்பாடிப் பக்கம் கொண்டுவருகிறது. ஒருவன் உடம்பைக் குணமாக்க வருகிறான், அவனுக்குப் பாபு ராவ் தெருவில் அவன் மொழியில் பலகை எழுதி வைத்திருக்கிறது, அடுப்பு இருக்கிறது, மீன் இருக்கிறது. இன்னொருவன் உடம்பை விற்க வருகிறான், அவனுக்கு வேலை செய்த இடமே படுக்கை. முதலாமவனின் தெருவை நான் மேலே கொஞ்சம் பிரியத்தோடு வர்ணித்தேன். இரண்டாமவனுக்கு வர்ணிக்க ஒரு தெரு இல்லை. தெரு இல்லாததால் அவன் ஊரின் சரித்திரத்தில் இல்லை என்று ஆகிவிடுமானால், வீட்டையும் தெருவையும் வைத்துச் சரித்திரம் எழுதும் முறையிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. அது பாத்தின் பலகைகளில் உள்ள கோளாறுதான். வீடு இருந்தவன் பெயர்தான் சுவரில் ஏறும்.

*

பாத் ஊருக்கு யார் யார் வந்து இறங்கினார்கள் என்று அந்த ஊர்ப் பத்திரிகை வாராவாரம் பட்டியல் போட்டது. பிரபு இன்னார், சீமாட்டி இன்னார் என்று. இன்று சரித்திரக்காரர்கள் அந்த ஊரின் கதையை எழுதுவதற்கு அந்தப் பட்டியல்தான் கைகொடுக்கிறது. வேலூருக்கும் அப்படியொரு பட்டியல் உண்டு. லாட்ஜ் ரிஜிஸ்தர். பெயர், ஊர், கூட வந்தவர்கள், வந்த தேதி, போன தேதி. போலீஸ் கேட்டால் காட்டுவதற்காக எழுதுவது. நிரம்பிய நோட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போகும். வந்தவர்கள் மூவராக வந்து இருவராகத் திரும்பியது, போன தேதி என்ற கட்டத்தில் தெரியாமல் தெரியும். மகால்களைப் பற்றிக் கம்பெனி வைத்த கணக்குகள் லண்டனில் பத்திரமாக இருக்கின்றன, கைதிகள் தின்ற அரிசி உள்பட. சுதந்திர நாட்டில் தாமாக வந்து தங்கியவர்களைப் பற்றிய கணக்கு எடைக்குப் போகிறது.

அவசரத்துக்குக் காரணமும் உண்டு. 2022-ல் சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகம் திறந்தது. பல துறைகள் ஊரைவிட்டு நெடுஞ்சாலையோரம் போயின. நோயாளிக்கு அது நல்லது, இடமும் காற்றும் உண்டு, பழைய ஆஸ்பத்திரி வாசலின் நெரிசலைப் பார்த்தவர்கள் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் ஆஸ்பத்திரி நகர்ந்தால் தெரு நகரும். பாபு ராவ் தெருவில் வங்காளம் எழுதிய பலகைகள் ஒவ்வொன்றாக இறங்கினால், அங்கே இரண்டு மூன்று தலைமுறையாக நடந்ததற்குச் சாட்சி இருக்காது. கோட்டையைத் தொல்லியல் துறை பார்த்துக்கொள்ளும். அதற்குச் சட்டம் உண்டு. பின்கட்டுச் சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் துறை எதுவும் கிடையாது.

பலகை வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பலகை என்ன செய்யும் என்பதை ஹைதர் மகாலிலேயே பார்த்தாகிவிட்டது. செய்ய வேண்டியது அதைவிடச் சின்ன வேலை. கதவு கதவாகப் போய், எந்த வருஷம் திண்ணை அடைந்தது, எத்தனை அடுப்பு, கிணறு எப்போது கரித்தது, முதலில் வந்த வங்காளக் குடும்பம் எந்த ஜில்லா, ராத்திரி யார் எங்கே படுத்தார்கள் என்று கேட்டு எழுதுவது. வேலூரிலும் ஆம்பூரிலும் கவிதை எழுதுகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் ஒரு கோடைக்காலம் ஒதுக்கினால் நாலு தெரு முடியும். ராணிப்பேட்டையில் செத்த அந்தப் பத்துப் பேரின் ஊர்களையும் அதே நோட்டில் முதல் பக்கத்தில் எழுதி ஆரம்பிக்கலாம். அவர்களும் வேலூர்ச் சீமையில் வந்து தங்கியவர்கள்தான்.